டிகின்டரில் ரேடியோ பட்டன்: திறந்தவுடனே எல்லாம் தேர்வாகி நிற்பது ஏன்?

கேள்வி இது: "சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடைக்கு பில் போட பைதானில் டிகின்டர் (சாளரம், பொத்தான் எல்லாம் உருவாக்க உதவும் நூலகம்) வைத்து ஒரு சின்ன நிரல் எழுதுகிறேன். தாள் அளவுக்கு ஏ4, லீகல், ஏ3 என்று மூன்று ரேடியோ பட்டன். ஒருபக்கம், இருபக்கம் என்று இன்னும் இரண்டு. சாளரம் திறந்ததுமே ஐந்திலும் புள்ளி தெரிகிறது. ஏ4-ஐத் தேர்ந்துவிட்டு இருபக்கத்தை அமுக்கினால் ஏ4 போய்விடுகிறது. விலை கணக்கிடும் ஃபங்ஷன் திறக்கும்போது ஒருமுறை ஓடுகிறது. அப்புறம் எதை அமுக்கினாலும் ஓடுவதே இல்லை. எங்கே தப்பு?"

நீங்கள் சொல்லியிருக்கும் அறிகுறிகளை வைத்தே உங்கள் நிரல் எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. முதல் இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். மூன்றாவது, அடைப்புக்குறி செய்யும் வேலை. டிகின்டர் படிக்கும் எல்லோரும் ஒருமுறையாவது அதில் விழுந்து எழுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன்.

முதலில் இந்தப் பொத்தானை மனதில் சரியாக உட்கார வைத்துக்கொள்வோம். பழைய கார் ரேடியோவில் நிலையம் மாற்ற ஒரு வரிசைப் பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அமுக்கினால் முன்பு அமுங்கியிருந்தது டக்கென்று மேலே வந்துவிடும். ரேடியோ பட்டன் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். கார் ரேடியோவைப் பார்த்திராதவர்களும் மேசை மின்விசிறியைப் பார்த்திருப்பீர்கள். அடியில் 0, 1, 2, 3 என்று நாலு பொத்தான். 2-ஐ அமுக்கினால் 1 எழும்பும். 0-ஐ அமுக்கினால் எல்லாம் எழும்பி விசிறி நிற்கும். அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், எல்லாப் பொத்தானுக்கும் பின்னால் ஒரே ஒரு தகடு குறுக்கே ஓடுவது தெரியும். எது அமுங்கி நிற்க வேண்டும், எது எழும்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தத் தகடுதான். 1-க்கு 2-ஐத் தெரியாது, 2-க்கு 3-ஐத் தெரியாது.

டிகின்டரில் அந்தத் தகட்டின் இடத்தில் இருப்பது மாறி, அதாவது ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெட்டி. சொல்லுக்கு ஸ்ட்ரிங்வார், எண்ணுக்கு இன்ட்வார் என்று நாம் உருவாக்குகிறோமே, அது. தேர்வு வாழும் இடம் அந்த மாறி மட்டுமே. ஒவ்வொரு பொத்தானும் அந்த மாறியை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும்: "இப்போது உள்ளே இருக்கும் மதிப்பும் எனக்குக் கொடுத்திருக்கும் மதிப்பும் ஒன்றா? ஒன்றென்றால் புள்ளி வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எடுத்துவிடுகிறேன்." அமுக்கும்போது தன் மதிப்பை மாறிக்குள் எழுதும். அவ்வளவுதான் அதன் வேலை. "மற்றவற்றை அணை" என்று எந்தப் பொத்தானும் எந்தப் பொத்தானுக்கும் சொல்வதில்லை. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் ரேடியோ பட்டனில் வரும் வினோதங்களில் முக்கால்வாசி தானாக விளங்கிவிடும்.

இப்போது உங்கள் இரண்டாவது தொல்லையைப் பாருங்கள். தாள் அளவுக்கும் பக்கத்துக்கும் ஒரே மாறியைக் கொடுத்திருக்கிறீர்கள். இருபக்கத்தை அமுக்கியதும் மாறிக்குள் "இருபக்கம்" போய் உட்காருகிறது. ஏ4 பொத்தான் பார்க்கிறது: உள்ளே இருப்பது தன் மதிப்பு இல்லை. புள்ளியை எடுத்துவிடுகிறது. அது சரியாகத்தான் வேலை செய்கிறது. இரண்டு மின்விசிறிக்கு ஒரே தகட்டைப் போட்டுவிட்டோம், அதுதான் பிரச்சினை. குழுவுக்கு ஒரு மாறி. தாள் அளவுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, கறுப்பு வெள்ளையா கலரா என்று சேர்த்தால் அதற்கு மூன்றாவது.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். எந்த மாறி என்று பொத்தானுக்குச் சொல்லும் வேரியபிள் என்ற வாய்ப்பையே (option) நீங்கள் கொடுக்காமல் விட்டிருக்கலாம். அப்போது டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே என்ற கருவித்தொகுப்பு தானாகவே எல்லா ரேடியோ பட்டனுக்கும் ஒரே பெயருள்ள ஒரு பொது மாறியைப் போட்டுவிடும். அதனால் நிரலின் எந்த மூலையில் இருந்தாலும் அவை எல்லாம் ஒரே குழுவாகிவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. பார்க்க ஒழுங்காக இருக்கும், நடத்தை மட்டும் பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

அடுத்து, திறந்தவுடன் எல்லாவற்றிலும் புள்ளி. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் காரணம் தெரியாதவரை இது மாயமாகவே இருக்கும். ரேடியோ பட்டனுக்கு இரண்டு நிலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டிகே-யின் பழைய ரேடியோ பட்டனுக்கு மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு: தேர்வும் இல்லை, தேர்வின்மையும் இல்லை என்ற இரண்டுங்கெட்டான் நிலை. மாறியின் மதிப்பு ஒரு குறிப்பிட்ட மதிப்புக்குச் சமமாக இருந்தால் பொத்தான் அந்த நிலைக்குப் போகும். அந்த மதிப்புக்கு ட்ரைஸ்டேட்வேல்யூ என்று பெயர். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது வெற்றுச் சரம், அதாவது ஓர் எழுத்துகூட இல்லாத சொல். புதிதாக உருவாக்கிய ஸ்ட்ரிங்வாரின் ஆரம்ப மதிப்பும் வெற்றுச் சரம்தான்! இரண்டும் பொருந்திவிட, அந்த மாறியைப் பார்க்கும் பொத்தான்கள் அத்தனையும் ஒன்றாக இரண்டுங்கெட்டான் நிலைக்குப் போகின்றன. திரையில் அது எல்லாம் தேர்வானது போலத் தெரிகிறது.

தீர்வு ஒரே வரி. ஸ்ட்ரிங்வாரை உருவாக்கும்போதே வேல்யூ என்ற இடத்தில் ஆரம்பத் தேர்வைக் கொடுத்துவிடுங்கள்: தாளுக்கு "ஏ4", பக்கத்துக்கு "ஒருபக்கம்". எதுவும் தேர்வாகாமல் தொடங்க வேண்டும் என்றால், எந்தப் பொத்தானுக்கும் மதிப்பாக இல்லாத ஒரு சொல்லைப் போடுங்கள். "இல்லை" என்று வைத்தால்கூடப் போதும். இன்ட்வார் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை, அதன் ஆரம்ப மதிப்பு 0. ஆனால் அங்கே வேறு பள்ளம்: முதல் பொத்தானின் மதிப்பை 0 என்று வைத்திருந்தால், நீங்கள் கேட்காமலே அது தேர்வாகி நிற்கும்.

டிடிகே என்று ஒரு புதிய வரிசைக் கருவிகள் இருக்கின்றன, டிகே 8.5 வந்த 2007-ஆம் ஆண்டிலிருந்து டிகே-யோடு சேர்ந்தே வருகின்றன. அங்கே ரேடியோ பட்டன் விண்டோஸில் விண்டோஸ் பொத்தான் போலவும் மேக்கில் மேக் பொத்தான் போலவும் தெரியும். வெற்றுச் சரம் அங்கே தொல்லை தராது. எதுவும் தேர்வாகாமல் அழகாகத் தொடங்கும். புதிதாக எழுதுவதென்றால் டிடிகே-யையே எடுங்கள் என்பேன். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பொத்தானுக்கு வேல்யூ கொடுக்க மறந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 என்று தானாக விழும். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு என்றால், ஒன்றை அமுக்கினால் எல்லாம் தேர்வாகும். மேலே சொன்ன விதிதான். பொத்தான் தன் மதிப்பை மாறியோடு ஒப்பிடுகிறது, வேறொன்றும் இல்லை.

சரி, இனி எழுதுவோம். முழு நிரலையும் ஒட்டிக் கொடுத்தால் நகலெடுத்துவிட்டு மறந்துவிடுவீர்கள். வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மாறிகளுக்கு அளவு, பக்கம் என்று தமிழிலேயே பெயர் வைக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்.

முதன்மைச் சாளரத்தை உருவாக்குங்கள். அதற்குப் பிறகுதான் மாறிகள். சாளரம் பிறப்பதற்கு முன்னால் ஸ்ட்ரிங்வார் உருவாக்கினால் பைதான் சண்டைக்கு வரும். பின்பு குழுவுக்கு ஒரு லேபிள்ஃப்ரேம்: சுற்றிலும் கோடும் மேலே தலைப்பும் உள்ள சட்டம். ஒன்றில் "தாள் அளவு", இன்னொன்றில் "பக்கம்" என்று எழுதுங்கள். ஒன்றைக் கவனியுங்கள், டிகின்டரில் இந்தச் சட்டம் கண்ணுக்கு மட்டும்தான். ஒரே சட்டத்துக்குள் இருப்பதால் பொத்தான்கள் ஒரே குழுவாகிவிடாது, மாறிதான் குழுவைத் தீர்மானிக்கிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியிலிருந்து வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அங்கே ஒரு பெட்டிக்குள் இருப்பதெல்லாம் ஒரு குழு.

பொத்தான்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். ஒரு பட்டியலில் சோடி சோடியாக வையுங்கள்: திரையில் தெரியும் எழுத்து ஒன்று, உள்ளே போகும் மதிப்பு ஒன்று. பட்டியலின் மேல் ஒரு ஃபார் சுற்று ஓட்டி, சோடிக்கு ஒரு ரேடியோ பட்டன் உருவாக்குங்கள். டெக்ஸ்ட் என்ற இடத்தில் திரை எழுத்து, வேல்யூ என்ற இடத்தில் மதிப்பு, வேரியபிள் என்ற இடத்தில் அளவு. பொத்தானைச் சாளரத்தில் வைக்கப் பேக் செய்யும்போது ஆங்கர் என்பதற்கு மேற்கு (இடப்பக்கம்) என்று கொடுங்கள், கிரிட் பயன்படுத்தினால் ஸ்டிக்கி. இல்லாவிட்டால் ஒவ்வொரு பொத்தானும் அதனதன் நீளத்துக்கு ஏற்ப நடுவில் நிற்கும். வட்டங்கள் ஒன்றின் கீழ் ஒன்று வராமல் குடிகாரன் நடந்த தடம் போல வளைந்து போகும்.

திரை எழுத்தையும் மதிப்பையும் ஏன் பிரிக்கச் சொல்கிறேன்? இன்றைக்கு "ஏ4" என்று இருக்கும். நாளைக்கு உங்கள் சித்தப்பா "ஏ4 சாதாரணத் தாள் என்று போடுப்பா, வாடிக்கையாளருக்குப் புரியும்" என்பார். எழுத்தையே மதிப்பாக வைத்திருந்தால் விலைப்பட்டியல், பழைய பில்களைச் சேமித்த கோப்பு என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். எழுத்து வாடிக்கையாளருக்கு, மதிப்பு நிரலுக்கு. மதிப்பை எண்ணாக வைக்கலாமா என்றும் கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது "அளவு 2 என்றால்" என்ற வரி உங்களுக்கே புரியாது. சொல்லாகவே வையுங்கள். சொல்லை மதிப்பாக வைத்துவிட்டு மாறியை மட்டும் இன்ட்வாராக விட்டுவிடாதீர்கள். பொத்தான்கள் நன்றாகவே வேலை செய்வது போலத் தெரியும், கெட் என்று மதிப்பைக் கேட்கும் நொடியில்தான் நிரல் விழும்.

இப்போது மூன்றாவது தொல்லை. அமுக்கும்போது எது ஓட வேண்டும் என்று சொல்லும் கமாண்ட் என்ற வாய்ப்புக்கு நீங்கள் ஃபங்ஷனின் பெயரோடு அடைப்புக்குறியையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். அடைப்புக்குறி என்றால் "இப்போதே ஓடு" என்று அர்த்தம். பொத்தான் உருவாகும்போதே ஃபங்ஷன் ஓடி முடிந்து, அது திருப்பித் தந்த ஒன்றுமில்லாத மதிப்புதான் கமாண்டுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் திறக்கும்போது ஓடியது, அப்புறம் ஓடவே இல்லை. பெயரை மட்டும் கொடுங்கள். சமையல்காரரின் போன் நம்பரைக் கொடுப்பதற்கும் அவரை இப்போதே கூப்பிட்டுச் சமைக்கச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்.

ஃபங்ஷனுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்று லாம்டா (பெயரில்லாத ஒருவரி ஃபங்ஷன்) எழுதத் தோன்றும். ஃபார் சுற்றுக்குள் லாம்டா எழுதும்போது, அது சுற்றின் மாறியை அமுக்கும் நேரத்தில்தான் பார்க்கும். அதற்குள் சுற்று முடிந்திருக்கும். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கடைசி மதிப்பே வரும். இதைத் தவிர்க்க வழி உண்டு, லாம்டாவின் அளபுருவுக்கு (parameter) அந்த நேரத்து மதிப்பையே இயல்பு மதிப்பாகக் கொடுத்துவிடலாம். ஆனால் ரேடியோ பட்டனுக்கு அந்த வித்தையே தேவையில்லை. எது தேர்வானது என்று மாறியிடம் கேட்டால் போதும். அளவு என்பதில் ஒரு கெட், பக்கம் என்பதில் ஒரு கெட். எல்லாப் பொத்தானுக்கும் ஒரே ஃபங்ஷன்.

விலைக்கு இஃப், எல்ஸ் என்று ஏணி கட்ட வேண்டாம். அகராதி ஒன்று வையுங்கள். அளவும் பக்கமும் சேர்ந்த சோடி சாவி, ஒரு தாளின் விலை மதிப்பு. மூன்று அளவு, இரண்டு பக்க வகை, ஆக ஆறு வரி. விலை ஏறினால் அந்த ஆறு வரியை மட்டும் பார்த்தால் போதும். இருபக்கம் என்றால் தாள் எண்ணிக்கையை மேல்நோக்கி முழுமையாக்க மறக்காதீர்கள். 7 பக்க ஆவணத்துக்கு மூன்றரைத் தாள் கிடையாது, 4 தாள்.

கமாண்டோடு நின்றுவிட்டால் கொஞ்ச நாளில் ஒரு சுவரில் முட்டுவீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். கடையில் இருக்கும் இயந்திரம் ஏ3-இல் இருபக்கம் எடுக்காது என்று வைத்துக்கொள்வோம். ஏ3-ஐத் தேர்ந்ததும் "இருபக்கம்" பொத்தானை மங்கலாக்க வேண்டும். ஸ்டேட் என்பதை டிசேபிள்ட் என்று மாற்றினால் மங்கிவிடும். ஆனால் ஏற்கெனவே இருபக்கம் தேர்வாகி இருந்தால்? பொத்தான் மங்கும், புள்ளி அப்படியே இருக்கும், மாறிக்குள்ளும் "இருபக்கம்" அப்படியே இருக்கும். வாடிக்கையாளரால் அதை அமுக்க முடியாது. நிரல் மட்டும் அந்த விலையையே போட்டுக்கொண்டிருக்கும். பொத்தானை மங்கச் செய்வதற்கும் தேர்வை மாற்றுவதற்கும் சம்பந்தமே இல்லை. மங்கச் செய்த கையோடு நீங்களே பக்கம் என்ற மாறியை "ஒருபக்கம்" என்று செட் செய்ய வேண்டும்.

செட் செய்கிறீர்கள். புள்ளி நகர்கிறது. விலை மாறவில்லை! ஏனென்றால் கமாண்ட் ஓடுவது பொத்தானை அமுக்கும்போதுதான். மாறியை நிரலே மாற்றினால் ஓடாது. ஒவ்வொரு செட்டுக்குப் பிறகும் விலை ஃபங்ஷனை நாமே கூப்பிடலாம். ஒரு இடத்தில் மறப்போம். அன்றைக்குத்தான் பில் தப்பாகப் போகும்.

இதற்கு ட்ரேஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. மாறியின் மேலேயே காவல் வைப்பது. பைதான் 3.6 முதல் ட்ரேஸ்_ஆட் என்ற பெயரில் கிடைக்கிறது. "எழுதும்போது" என்று சொல்லி உங்கள் ஃபங்ஷனைக் கொடுத்தால், யார் எழுதினாலும், வாடிக்கையாளர் அமுக்கினாலும் சரி, நிரல் செட் செய்தாலும் சரி, அது ஓடும். ஃபங்ஷனுக்கு மூன்று அளபுருக்களை அனுப்பும். நமக்கு அவை தேவைப்படாது, ஆனால் வாங்கிக்கொள்ள இடம் வைக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட ஒரு அளபுரு வைத்துவிட்டால் தீர்ந்தது. அளவு, பக்கம் இரண்டின் மேலும் இதே காவலை வைத்து, கமாண்டையே எடுத்துவிடுங்கள். தேர்வு மாறியில்தான் இருக்கிறது என்றால் காவலையும் மாறியில் வைப்பதுதானே முறை? ஏ3-ஐ அமுக்கும்போது விலை இரண்டு முறை கணக்காகும், பரவாயில்லை, ஆறு வரி அகராதிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே தேர்வான பொத்தானையே மறுபடி அமுக்கினாலும் கமாண்டும் ஓடும், ட்ரேஸும் ஓடும். எனவே "மாறியது" என்று நம்பி அங்கே எதையும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு முறையும் விலையை முதலிலிருந்து கணக்கிடுங்கள்.

ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வரும்போது எல்லாம் பழையபடி ஆக வேண்டும். அதற்கு "புது பில்" என்று ஒரு சாதாரணப் பொத்தான். அது செய்வது இரண்டு செட் மட்டுமே. பொத்தான்களைத் தொடவே தேவையில்லை.

இதுவரை சொன்னது ஒரே சாளரத்துக்கு. நிரல் வளரும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, மாறியை ஃபங்ஷனுக்குள் உருவாக்கிவிட்டு ஃபங்ஷன் முடிந்ததும் விட்டுவிடுவது. டிகின்டர் பொத்தானுக்கு உங்கள் மாறியைக் கொடுப்பதில்லை, மாறியின் உள்பெயரை மட்டும்தான் கொடுக்கிறது. ஃபங்ஷன் முடிந்ததும் பைதான் குப்பை கூட்டும்போது மாறியையும் கூட்டித் தள்ளிவிடும். நீங்கள் வைத்த ஆரம்பத் தேர்வு காணாமல் போகும்; டிடிகே-யில் என்றால் பொத்தான்கள் இரண்டுங்கெட்டான் நிலைக்குப் போகும். வகுப்பு எழுதினால் மாறியை செல்ஃப் என்பதோடு கட்டி வையுங்கள். டிகின்டரில் படம் போட்டு, படம் தெரியாமல் வெறும் இடம் மட்டும் தெரிந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இதே வியாதிதான்.

இரண்டாவது, புது சாளரம் திறக்க, முதன்மைச் சாளரத்தை உருவாக்கும் டிகே() என்ற அழைப்பையே மறுபடியும் கூப்பிடுவது. அப்படிச் செய்தால் இரண்டு தனித்தனி உலகங்கள் உருவாகின்றன. நீங்கள் உருவாக்கும் மாறி முதல் உலகத்தில் போய்ப் பிறக்கும், பொத்தான் இரண்டாம் உலகத்தில் இருக்கும். பொத்தான் அமுங்கும், புள்ளி நகரும், கெட் கேட்டால் எப்போதும் பழைய மதிப்பே வரும். மணிக்கணக்கில் மண்டையை உடைக்க வைக்கும் பிழை இது. முதல் சாளரத்துக்கு மட்டும் டிகே(); அடுத்தடுத்த சாளரங்களுக்கு டாப்லெவல்.

தோற்றம் பற்றிக் கொஞ்சம். கருப்புப் பின்னணி வைக்க ஆசைப்பட்டு, பழைய ரேடியோ பட்டனுக்கு எழுத்து நிறத்தை வெள்ளையாக்கினால் விண்டோஸில் புள்ளி மறைந்துவிடும். புள்ளி எழுத்து நிறத்தில் வரையப்படுகிறது, வட்டத்தின் உள்ளோ வெள்ளை. வெள்ளையில் வெள்ளை. செலக்ட்கலர் என்ற வாய்ப்பில் பின்னணி நிறத்தையே கொடுத்தால் புள்ளி திரும்ப வரும். வட்டமே வேண்டாம், மின்விசிறி போல அமுங்கி நிற்கும் பெரிய பொத்தான்கள் வேண்டும் என்றால் இண்டிகேட்டர்ஆன் என்பதைப் பொய் என்று வையுங்கள். டிடிகே-யில் ஸ்டைல் என்பதற்கு டூல்பட்டன். அமுக்கும் இடம் பெரிதாக இருப்பதால் கடை கவுண்டருக்கு இது பொருத்தம். பின்னால் இருக்கும் மாறியும் ட்ரேஸும் துளியும் மாறாது.

எங்கே ரேடியோ பட்டன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பைரல் பைண்டிங் வேண்டுமா, லேமினேஷன் வேண்டுமா என்பவற்றை நீங்கள் அடுத்து சேர்ப்பீர்கள். இரண்டும் வேண்டும் என்பவர் உண்டு, எதுவும் வேண்டாம் என்பவர் உண்டு. அங்கே செக்பாக்ஸ் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மாறி. ஆம், இல்லை என்ற ஒற்றைக் கேள்விக்கும் செக்பாக்ஸே போதும். தாள் வகைகள் பத்து பன்னிரண்டு என்று நீண்டால் விரிந்து மூடும் காம்போபாக்ஸுக்கு மாறுங்கள். ரேடியோ பட்டனின் பலமே எல்லா வாய்ப்பும் கண்முன்னால் ஒரே நேரத்தில் தெரிவதுதான். திரையை அடைத்துக்கொண்டால் அந்தப் பலம் போய்விடும்.

ஆரம்பத் தேர்வு பற்றி என் சொந்த அடி ஒன்று. ஒரு அலுவலகத்துக்கு விவரம் பதியும் படிவம் எழுதினேன். பாலினத்துக்கு ரேடியோ பட்டன். பட்டியலில் முதலில் இருந்ததால் "ஆண்" என்பதையே ஆரம்பத் தேர்வாக விட்டுவிட்டேன். பதிந்தவர்கள் அவசரத்தில் அதைத் தொடாமலே சேமித்துக்கொண்டே போனார்கள். யாரோ ஒருவர் பட்டியலை அச்செடுத்தபோதுதான் தெரிந்தது, ஊரில் பெண்களே கொஞ்சம்தான் என்று. தாள் அளவில் ஏ4 பரவாயில்லை, பெரும்பாலோர் கேட்பது அதுதான், தப்பினாலும் உடனே தெரியும். தப்பினால் யாருக்கும் தெரியாமல் போகும் கேள்விகளுக்கு எதையும் முன்கூட்டியே தேர்ந்து வைக்காதீர்கள். சேமிக்கும் முன் "இன்னும் தேர்வு செய்யவில்லை" என்று கேளுங்கள். மின்விசிறியின் 0 போல "சொல்ல விருப்பமில்லை" என்று ஒரு பொத்தானும் வைக்கலாம். ஏனென்றால் ரேடியோ பட்டனில் ஒருமுறை ஒன்றைத் தொட்டுவிட்டால் எதுவும் இல்லை என்ற நிலைக்குத் திரும்ப அமுக்குபவருக்கு வழியே கிடையாது.

சாளரம் வரையும் வேறு கருவிகளுக்கு (ஸ்விங், க்யூட்டி, ஜிடிகே) போனால் தகடு வேறு இடத்தில் இருக்கும், அவ்வளவே. ஜாவா ஸ்விங்கில் பட்டன்குரூப் என்று தனியாக ஒரு பொருள். பொத்தான்களை அதிலும் சேர்க்க வேண்டும், திரையில் தெரியப் பேனலிலும் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு முழிப்பவர்கள் ஏராளம். க்யூட்டியில் ஒரே தாய்க்குள் இருக்கும் ரேடியோ பட்டன்கள் தாமாகவே ஒரு குழு. ஒரே இடத்தில் இரண்டு குழு வேண்டுமென்றால் க்யூபட்டன்குரூப். அங்கே டாகிள்டு என்ற சமிக்ஞை அணையும் பொத்தானுக்கு ஒன்று, எரியும் பொத்தானுக்கு ஒன்று என்று இரண்டு முறை வரும், அணைவதை வடிகட்டிவிடுங்கள். ஜிடிகே 4-இல் ரேடியோ பட்டன் என்று தனி வகையே இல்லை. செக் பட்டன்களைக் குழுவாகக் கட்டினால் அவையே வட்டமாகிவிடும்.

கடைசியாக, உங்கள் பொத்தான்களின் எழுத்து தமிழில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் நிர்மலா யூஐ எழுத்துருவைக் கொடுத்தால் தமிழ் ஒழுங்காக வரும். லினக்ஸில் டிகே 8.6 எழுத்துகளைக் கோத்து அடுக்குவதில்லை. ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு, எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும். "ஜெராக்ஸ்" என்று எழுதினால் ஜ முதலில் வந்து கொம்பு அதற்கு அப்புறம் தொங்கும். எழுத்துரு மாற்றிப் பயனில்லை. கடைக் கணினியில் லினக்ஸ்தான் என்றால், இரண்டு வழி: கொம்பு வராத சொற்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, அல்லது இந்த நிரலை க்யூட்டிக்கு மாற்றுவது. உங்களுடைய "ஒருபக்கம்", "இருபக்கம்", "லீகல்" மூன்றிலும் கொம்பு இல்லை, ஆனால் "ரு" போலச் சேர்ந்து உருவாகும் எழுத்து ஒட்டாமல் உடைந்து தெரியலாம். "லேமினேஷன்" சேர்க்கும்போது கொம்பையும் பார்க்க வேண்டும்.